கூந்தன்குளத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

பொங்கல் நெருங்கினால் தெரிந்தவர்கள் யாராவது போன் பண்ணி, "கூந்தன்குளத்துல அன்னம் வந்திருக்காமே, போய்ப் பாக்கலாமா?" என்று கேட்பார்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே, குளமும் பறவைகளுமாக இருக்கிற ஊர் அது. தாராளமாகப் போகலாம். ஆனால் கழுத்தை வளைத்துக்கொண்டு தண்ணீரில் மிதக்கும் வெள்ளை அன்னத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பறவை குளிர்காலம் கழிக்க நம் பக்கம் வருவதில்லை. இங்கே வருவது வரித்தலை வாத்து. பட்டைத்தலை வாத்து என்றும் சொல்வார்கள். மங்கோலியா, திபெத், லடாக் பக்கத்து ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி, நாட்டை நெடுக்காகக் கடந்து நாங்குநேரி வட்டாரத்துக் குளங்களில் வந்து இறங்குகிறது. குமரித் துறையில் மேய்ந்துவிட்டு வடமலைக்குத் திரும்பும் அன்னத்தைக் கூப்பிட்டுத் தூது சொல்கிற சங்கப் பாட்டு ஒன்று உண்டு. அந்த அன்னம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை. அதனால் அன்னம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே கிளம்புங்கள், தப்பில்லை.

இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள பறவை அது. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது 7,000 மீட்டர் உயரத்தைத் தாண்டியும் அது பறந்தது பதிவாகியிருக்கிறது. அவ்வளவு உயரத்தில் மூச்சுக் காற்று மிகவும் குறைவு. இந்த வாத்தின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். நுரையீரலும் உடம்பளவுக்குப் பெரியது. இதைத் தெரிந்துகொண்டு குளத்தங்கரையில் நின்றால், எதிரே கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும்.

எப்போது போவது

நாள் பார்க்கும் முன் மழையைப் பாருங்கள். நம் பக்கத்தில் குளம் பெருகுவது வடகிழக்குப் பருவமழையில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில். அதோடு மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் வந்து சேர வேண்டும். இரண்டும் ஏமாற்றிய வருஷம் குளம் விளையாட்டு மைதானம் மாதிரி கிடக்கும், பறவையும் வராது. அளவுக்கு மீறிப் பெய்தாலும் சிக்கல்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் கொட்டிய மழை போல ஒன்று வந்தால் குளம் கரைமுட்டி நிற்கும். கணுக்கால் ஆழத் தண்ணீரில் நடந்து இரை தேடும் உள்ளான் வகைகளுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. அப்படியான வருஷத்தில் தண்ணீர் வடிந்து சேறு தெரியும்வரை காத்திருந்து போவது நல்லது.

வழக்கமான வருஷம் என்றால் மார்கழிக் கடைசியிலிருந்து மாசிவரை வரித்தலை வாத்துக்கான காலம். பங்குனி வெயில் ஏறும்போது அவை வடக்கே கிளம்பிவிடும். நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதைப் பார்க்க ஆசை என்றால் பங்குனி, சித்திரையிலும் போகலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் தை கடைசி அல்லது மாசி முதல் வாரம். நான் யாரையாவது முதல் தடவையாகக் கூட்டிக்கொண்டு போவது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். கார்கள் வரும், பிள்ளைகள் கத்தும், பறவைக் கூட்டம் நடுக்குளத்துக்கு ஒதுங்கிவிடும்.

போகிற வழி

திருநெல்வேலியிலிருந்து தெற்கே 35 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது கூந்தன்குளம். பாளையங்கோட்டை வழியாக மூலைக்கரைப்பட்டி போய், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே போக வேண்டும். பேருந்தில் வருகிறவர்கள் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் மூலைக்கரைப்பட்டி வண்டியைக் கேட்டு ஏறுங்கள். மூலைக்கரைப்பட்டியிலிருந்து ஊருக்குள் போகும் பேருந்து எப்போதாவதுதான் வரும். ஆட்டோ பேசிக்கொள்வது மேல். நாகர்கோவில் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வந்து கிழக்கே திரும்புவது சுலபம்.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால் காலை 6 மணிக்குக் கரையில் நிற்பது போலக் கிளம்புங்கள். தை மாதத்தில் நம் பக்கம் சூரியன் உதிக்க ஆறரை தாண்டிவிடும். அந்த அரை மணி நேர இருட்டு வெளிச்சத்தில்தான் இரவு முழுவதும் வயலில் மேய்ந்த கூட்டம் குளத்துக்குத் திரும்பும். முதலில் சத்தம் வரும். மூக்கால் கூப்பிடுவது போல "ஆங்... ஆங்..." என்று எங்கோ மேலே கேட்கும். வானத்தைத் தேடிக்கொண்டு நிற்பீர்கள். பிறகு பனைமர வரிசைக்கு மேலே சாய்ந்த கோடு ஒன்று தெரியும். குளத்துக்கு மேல் வந்ததும் கோடு கலைந்து, ஒவ்வொன்றாக இறக்கையைச் சரித்து, கால்களை முன்னால் நீட்டித் தண்ணீரில் இறங்கும். 8 மணிக்கு வந்து சேருகிறவர்களுக்கு இது கிடைக்காது.

கையில் என்ன வேண்டும்

பைனாகுலர் ஒன்று கட்டாயம். புதிதாக வாங்குவதாக இருந்தால் 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, வாங்குங்கள். பெரிதாகக் காட்டுகிறதே என்று 12, 20 என்று போனால் கை நடுக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். யாரிடமாவது ஸ்பாட்டிங் ஸ்கோப் (காலில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் அவரைக் கெஞ்சியாவது கூட்டிக்கொண்டு போங்கள். செல்போன் கேமராவை நம்பிப் போனால் கிடைப்பது புள்ளிகள்தான்.

வெள்ளை, சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். காக்கி, மங்கிய பச்சை, பழுப்பு எதுவானாலும் சரி. தலைக்கு ஒரு துண்டு, தண்ணீர், கடலை மிட்டாய் மாதிரி ஏதாவது, குறிப்பெடுக்க நோட்டு. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கரையெல்லாம் கருவ முள் கிடக்கும், ரப்பர் செருப்பை ஊசி போலத் துளைத்துவிடும். ஊருக்குள் பெரிய கடைகள் கிடையாது என்பதால் காலைச் சாப்பாட்டை மூலைக்கரைப்பட்டியில் முடிக்கலாம், அல்லது கட்டிக்கொண்டு வரலாம்.

கரையில் நடந்துகொள்வது

எனக்கு இதுதான் முக்கியம். மற்றதில் தவறினால் உங்களுக்கு நஷ்டம். இதில் தவறினால் பறவைக்கு நஷ்டம்.

நான் முதல் தடவை போனபோது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கரைமேல் விறுவிறுவென்று நடந்தேன். இன்னும் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே என்று கால் தானாகப் போனது. ஒரு வாத்து தலையைத் தூக்கியது. பிறகு பத்து. பிறகு மொத்தக் கூட்டமும் ஒரே இரைச்சலாக எழும்பி, குளத்தைச் சுற்றி வட்டமடித்து, எதிர்ப்பக்கம் போய் இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மடைப்பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கிட்டே வந்து, "தம்பி, நிக்காதிய. உக்காந்துருங்க. உக்காந்தா அது ஒண்ணும் செய்யாது" என்றார். அவர் சொன்னதற்கு மேல் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நம் பக்கத்தில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்கில், உள்வாய் (தண்ணீர் வந்து சேரும் பக்கம்) மேற்கில். காலையில் கரையில் இருந்து பார்த்தால் வெயில் நம் முதுகில் விழும், பறவையின் நிறம் பளிச்சென்று தெரியும். அதே சமயம் கரைமேல் நிற்கிற ஆளின் உருவமும் வானத்தை ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். அதுதான் அவற்றை மிரட்டுவது. ஆகவே கரையின் உச்சியில் நடக்காமல், வெளிச்சரிவில் இறங்கி நடந்து, ஒரு உடைமரத்தையோ பனையையோ மறைவாக வைத்து மெதுவாக ஏறி உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு 20 நிமிஷம் ஒன்றும் செய்யாதீர்கள். பைனாகுலரைக்கூட மெல்லத் தூக்குங்கள். கையை நீட்டி "அதோ பாரு" என்று காட்டுவதும் வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.

கூட்டத்தில் நாலைந்து வாத்துகள் கழுத்தை நிமிர்த்தி நின்றால் உங்களைக் கவனித்துவிட்டன என்று பொருள். அந்த நிமிஷமே நின்றுவிட வேண்டும். கழுத்து தாழ்ந்து மறுபடி இறகு கோத ஆரம்பித்தால் நல்லது, அங்கேயே இருங்கள். தாழவில்லை என்றால் இரண்டு எட்டு பின்வாங்குங்கள். ஒரு தடவை எழுப்பிவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். இந்த மூன்று மாதம் தின்று சேர்க்கிற கொழுப்பை வைத்துத்தான் அது திரும்பவும் இமயமலை ஏற வேண்டும். நாம் எழுப்புகிற ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து கொஞ்சம் போகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் எழுப்பினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ட்ரோன் பறக்க விடுவதையும், செல்போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இரண்டும் கூடவே கூடாது.

சரி, உட்கார்ந்தாயிற்று. இப்போது ஒரே ஒரு வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு வெளிர்சாம்பல். தலை வெள்ளை. பின்தலையில் ஒரு கண்ணிலிருந்து மறு கண்வரை ஒரு கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாக இன்னொன்று. கழுத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு இறங்கும். அலகும் காலும் ஆரஞ்சு மஞ்சள், அலகின் நுனியில் மட்டும் மை தொட்டது போலக் கறுப்பு. சிலவற்றுக்குத் தலையில் இரண்டு பட்டையும் இல்லாமல், உச்சியிலிருந்து பின்கழுத்துவரை ஒரே கருந்தடமாக இருக்கும். அவை போன கோடையில் பொரித்த குஞ்சுகள். பெற்றோரை ஒட்டியே நீந்தும், ஒட்டியே தூங்கும். பாதையைப் பெரிய பறவைகளோடு பறந்துதான் கற்றுக்கொள்கின்றன. இரண்டு பெரியது, மூன்று சிறியது என்று ஒரு குடும்பத்தைப் பிரித்துக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அந்தக் கூட்டம் வெறும் கூட்டமாகத் தெரியாது.

எதற்காவது கழுத்தில் நிறப்பட்டையும் அதில் எழுத்தும் எண்ணும் இருந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். மங்கோலியாவில் ஆராய்ச்சியாளர்கள் இப்படிப் பட்டை மாட்டி விடுவதுண்டு. நீங்கள் குறிக்கிற அந்த எழுத்து, ஒரு பறவை எங்கிருந்து எங்கே வந்தது என்பதற்கே சாட்சி.

ஒரு எச்சரிக்கை. பிசானம் என்கிற பருவ நெல்லின் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கில் வளர்ப்பு வாத்துகளை மேய்ப்பார்கள். வழியில் அதைப் பார்த்துவிட்டு, வந்துவிட்டது என்று வண்டியை நிறுத்தியவர்கள் உண்டு. பின்னால் கம்போடு ஒரு ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள்.

கூட இருக்கிற மற்றவை

முதல் நாளே எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். வாலில் ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் ஊசிவால் வாத்து. அலகு கரண்டி போலத் தட்டையாக இருந்து அதை நீரில் அலைத்துக்கொண்டே போனால் தட்டைவாயன். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம் என்றால் நாமக்கோழி. சிவப்புக் குச்சிக் கால்களில் நிற்பது நெடுங்கால் உள்ளான். சட்டென்று முங்கி வேறிடத்தில் எழும்புவது முக்குளிப்பான். தண்ணீர் குறைந்த வருஷங்களில் பூநாரைகளும் வந்து நிற்கும், அது உங்கள் அதிர்ஷ்டம்.

எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பினால், காரணம் நீங்கள் இல்லையென்றால், மேலே பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும்.

ஊருக்குள்

வெயில் ஏறி 9 மணி ஆனதும் கரையை விட்டு இறங்கி ஊருக்குள் வாருங்கள். கூந்தன்குளத்தை மற்ற சரணாலயங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த ஊர்தான். அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1994இல். கூந்தன்குளமும் காடன்குளமும் சேர்ந்து 129 ஹெக்டேர். உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தியும் 2022இல் வந்தது. ஆனால் அறிவிப்புக்கெல்லாம் முந்தியே பறவைகளை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்ல, வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டியிருக்கும். சங்குவளை நாரை என்றும் இதற்குப் பெயர் உண்டு. நிமிர்ந்து பார்த்தால் மரத்தின் இலையெல்லாம் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கும். கீழே மாட்டுத் தொழுவம், துணிக்கொடி, பாத்திரம் துலக்கும் இடம். மேலே ஒரு தாய் நாரை வெயிலுக்கு மறைப்பாக இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்கும். அதன் வால்பக்கம் ரோஜா நிறத்தைத் தொட்டு வைத்தது போலிருக்கும். துணை இரையோடு வந்து இறங்கும்போது இரண்டும் அலகைப் படபடவென்று தட்டும். குஞ்சுகளின் கரகரத்த கத்தல் தெருமுழுக்கக் கேட்கும். மீன் வாடையும் எச்ச வாடையும் கலந்து அடிக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்காதீர்கள். அந்த வீட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் அதோடுதான் குடியிருக்கிறார்கள்.

தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி போடுவதில்லை. ஒரு ஆச்சியிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "பேறுகாலத்துக்கு வந்த பிள்ளையளுல்லா? அதுக பக்கத்துல எப்படி வெடி போட முடியும்?" என்றார். பறவை வராத வருஷம் மழை இல்லாத வருஷம் என்பது அவர்களுக்குக் கண்கூடு. பறவை எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, குளத்து வண்டலும் உரமாகிறது. விவசாயிக்கு அதன் அருமை தெரியும்.

அதனால் ஊருக்குள் போகும்போது யார் வீட்டு முற்றத்திலும் கேட்காமல் நுழையாதீர்கள். "அண்ணாச்சி, கூடு பாக்க வந்தோம், உள்ள வரலாமா?" என்று கேட்டால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். கூட்டுக்கு நேர் கீழே நின்று மேலே பார்க்க வேண்டாம், எச்சம் விழும் என்பதற்காக மட்டுமல்ல, ஆள் நிற்பதைப் பார்த்தால் தாய் எழுந்துவிடும், குஞ்சு வெயிலில் கிடக்கும். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் நீங்களாகத் தூக்காமல் ஊர்க்காரர்களிடமோ வனத்துறைக் காவலரிடமோ சொல்லுங்கள். எடுத்து வளர்த்துத் தேற்றிப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். பிஸ்கட், பொரி எதுவும் போட வேண்டாம். பிளாஸ்டிக் உறை ஒன்றுகூட விழக்கூடாது.

காவற்கோபுரம் ஒன்று இருக்கிறது. ஏறிப் பாருங்கள், குளத்தின் அமைப்பு புரியும். காவலரிடம் இன்று வாத்துக் கூட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுங்கள். அரை நாள் அலைச்சல் மிச்சமாகும்.

கூந்தன்குளத்தில் இல்லையென்றால்

வாத்துகள் ஒரே குளத்தில் இருப்பவை அல்ல. ஒரு நாள் இங்கே, மறுநாள் விஜயநாராயணம் பெரிய குளத்தில் இருக்கும். அது பரந்த குளம் என்பதால் தூரத்துப் பார்வைதான் கிடைக்கும். மரத்தில் அடையும் நாரை, கொக்குகளைப் பார்க்க வேண்டுமானால் தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் இருக்கிறது. நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மரங்கள் அவை. 2005இல் நாட்டிலேயே முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். ஆனால் அது வேறொரு நாளைக்கு, ஒரே நாளில் இரண்டையும் ஓடிப் பார்க்க வேண்டாம்.

பார்த்ததை நோட்டில் எழுதும்போது தேதி, நேரம், எந்தக் குளம், எத்தனை என்று நான்கையும் எழுதுங்கள். எண்ணத் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். முதலில் 10 பறவையை எண்ணி, அந்த அளவு இடத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் அது எத்தனை தடவை அடங்கும் என்று பார்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். அதைப் பறவைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் செயலியில் ஏற்றிவிடலாம். 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, தன்னார்வலர்களும் மாணவர்களும் சேர்ந்து குளம் குளமாகப் போவார்கள். பழகியவர்களோடு ஒரு நாள் நின்று எண்ணிப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

மாலை

முடிந்தால் உச்சிக்கு நடை சாத்தும் முன் நாங்குநேரியில் வானமாமலைப் பெருமாளைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, 5 மணிக்குத் திரும்ப வாருங்கள். காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்காருங்கள். இப்போது வெயில் எதிரே அடிக்கும், நிறம் தெரியாது, உருவம் மட்டும்தான். பரவாயில்லை, மாலையில் காதுக்குத்தான் வேலை.

பொழுது சாய்ந்ததும் முதலில் நீர்க்காகங்கள் வரிசையாக வந்து மரத்தில் அடையும். கொக்குகள் வரும். வாத்துக் கூட்டம் மட்டும் எதிர்மாறாக, வெளியே கிளம்பத் தயாராகும். ஒன்று தலையை ஆட்டிக் குரல் கொடுக்கும், பக்கத்தில் இருப்பது பதில் சொல்லும், கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்கப் பேச்சாக இருக்கும். அப்புறம் சட்டென்று ஒரு குடும்பம் எழும்பும், அதன் பின்னால் இன்னொன்று. உங்கள் தலைக்கு மேலேயே, இறகு காற்றை வெட்டுகிற சத்தம் கேட்கிற உயரத்தில், பிசான வயல்களைப் பார்க்கப் போகும். அப்போதும் எழுந்து நிற்க வேண்டாம். கடைசிக் குரலும் தேய்ந்த பிறகு டார்ச்சைத் தரையில் மட்டும் அடித்து, முள்ளைப் பார்த்து, வெளிச்சரிவு வழியாகவே இறங்கி வாருங்கள். ஆட்டோக்காரரைக் காலையிலேயே இத்தனை மணிக்கு வாருங்கள் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். மூலைக்கரைப்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குக் கடைசி வண்டி எப்போது என்பதையும் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.